மெதுவாக ஆறட்டும் என்ற பரீதா மிஸ்

வெள்ளிக்கிழமை காலை, கனகராயன்குளத்தில் எங்கள் தொழிற்சாலை வாசலில் வவுனியா பஸ் வந்து நின்றது. பரீதா மிஸ் இறங்கவில்லை. லீவு என்றால் முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறவர். என்னவோ என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அவருடைய கணவர் நிசார் நானாவிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, அவா மௌத்தாயிட்டா. சுபஹு தொழுதிட்டு நெஞ்சு நோகுதெண்டு கதிரையில இருந்தவா..." என்றார். மிஸ் இறந்துவிட்டார் என்று உள்ளே போய் எல்லோருக்கும் நான்தான் சொன்னேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புளியம்பழத்தின் புளிப்புக்குக் காரணமான தாத்தாரிக் அமிலத்தை எங்கள் கூட்டுறவுத் தொழிற்சாலை பிரித்தெடுக்கிறது. டொபி, பேக்கிங் பவுடர், மருந்து என்று பலதுக்கும் அது போகும். ஆனால் முதலில் வருவது பழுப்பு நிறப் பண்டம். அதைச் சுடுநீரில் கரைத்து, ஆறவிட்டு, கற்கண்டு போலப் பளிங்காக இறக்கி, மறுபடி கரைத்து, மறுபடி இறக்கி, மூன்று தொட்டிகளில் படிப்படியாகச் சுத்தமாக்க வேண்டும். அந்தத் தொட்டிகள் பரீதா மிஸ்ஸின் இராச்சியம். கொதிகலனும் குளிரூட்டும் இயந்திரமும் என் பொறுப்பு. ஆகவே எங்களுக்குள் சண்டைக்குப் பஞ்சமில்லை.

பிறந்தது முல்லைத்தீவு. சிறு வயதில், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, இரசாயனம் படித்து, கொழும்பில் நல்ல வேலையில் இருந்தவர். வன்னிக்குத் திரும்பலாம் என்றானதும் வவுனியாவை அடுத்த நெளுக்குளத்தில் குடியேறி எங்களிடம் வந்தார். வந்த முதல் கிழமையே என் குளிரூட்டியை நிறுத்திவிட்டார். கெதியாக ஆறினால் கெதியாக வேலை முடியும் என்று நான் பெருமையாக ஓட்டிக்கொண்டிருந்த இயந்திரம் அது.

"அவசரப்பட்டா பளிங்கு அழுக்கையும் சேர்த்துக் கட்டிப்பிடிச்சிடும். மெதுவா ஆறட்டும்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. பிறகு அவருடைய பளிங்கையும் என்னுடையதையும் இரண்டு கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் காட்டினார். என்னுடையது வெறுந்தேநீர் மாதிரி இருந்தது.

ஒருநாள் தேநீர் நேரத்தில் புதிதாக வந்த ஒருவர், "இந்த ஊரையும் மிஸ் தொட்டியில போட்டுச் சுத்தமாக்கோணும்" என்று பகிடி விட்டார். மிஸ் சிரிக்கவில்லை. "இந்த வேலையை அமிலத்தோட நிப்பாட்டோணும் தம்பி. ஆக்களில செய்து பாத்தவையள். நாங்க ஒரு பையோட வெளிக்கிட்டனாங்க" என்றார். இடம்பெயர்ந்ததைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டது அவ்வளவுதான்.

கொழும்பு இனிப்புக் கம்பனி ஒன்று எங்கள் சரக்கு மஞ்சளடிக்கிறதென்று ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தது. அடுத்ததும் சரிவராவிட்டால் தொழிற்சாலைக்குப் பூட்டுத்தான். லொறி வர இருந்த அந்தக் கிழமைதான் இராசம்மா கழுவும் பகுதிக்கு வந்தார். மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பெண். பளிங்கில் ஒட்டியிருக்கும் அழுக்கைக் கழுவ, அடுத்த தொட்டியில் வடிந்த, அதைவிடச் சுத்தமான அமிலத் திரவத்தைத்தான் ஊற்ற வேண்டும். அது அழுக்கை எடுக்கும், பளிங்கைக் கரைக்காது. புளித்தண்ணீரால் கழுவுவதா என்று இராசம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. அரிசி களைவதுபோலக் கிணற்று நீரை ஊற்றிவிட்டார். பாதிப் பளிங்கு கரைந்து ஓடியது. மீதி பால்போல வெளிறிக் கிடந்தது.

"நல்லா மூணு தண்ணி ஊத்திக் கழுவுனேன் மிஸ்" என்றார் இராசம்மா.

"அரிசியெண்டா நீங்க செய்தது சரிதான். இது தண்ணியில கரையிற சாமான். எங்கட கிணத்துச் சுண்ணாம்பு வேற சேர்ந்திட்டுது. வாங்கோ, கரைச்சு வடிச்சுத் திருப்பி இறக்குவம்."

எங்கள் சங்கத் தலைவருக்குப் பதற்றம். மிஞ்சிய நல்ல பளிங்கோடு இரண்டாந்தரத்தைக் கொஞ்சம் கலந்து அனுப்பலாம், யார் காணப்போகிறார்கள் என்றார். அவர் கெட்ட மனிதரல்ல. இங்கே வேலை செய்யும் இத்தனை பெண்களின் வீட்டு அடுப்பு அந்த லொறியை நம்பித்தான் இருந்தது.

"கொழும்பில காணமாட்டினம். இராசம்மா காணுவா. நாளைக்கு அவாவும் கலப்பா" என்றார் மிஸ். பிறகு எங்கள் முன்னாலேயே கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து, "என்ர பகுதியில பிழை நடந்திட்டுது. ஒரு கிழமை தாங்கோ" என்றார். இராசம்மாவின் பெயரை அவர் எடுக்கவில்லை. தவணை கிடைத்தது, பளிங்கும் தேறியது. கழுவும் பகுதியை இராசம்மாவிடமே பொறுப்பாகக் கொடுத்தார்.

ஜனாஸாவுக்கு எல்லோரும் புறப்பட்டபோது, வியாழன் மாலை மிஸ் போட்டுவிட்டுப் போன தொட்டி ஆறிக்கொண்டிருந்தது. "நீங்க போயிட்டு வாங்க சார், நான் பாத்துக்கிறேன்" என்று இராசம்மா நின்றுவிட்டார். நெளுக்குளம் பள்ளிவாசலில் ஜும்மாவுக்குப் பிறகு அடக்கம் நடந்தது. வெளியே மதில் ஓரமாக நின்று நான் தாங்கமாட்டாமல் அழுதேன்.

திங்கட்கிழமை தொட்டியைத் திறந்தோம். லொறி வரும் நாள். தலைவர் ஒரு பிடி பளிங்கைக் கையில் எடுத்து, "மிஸ்ஸின்ர கடைசிக் கை. இதை அப்பிடியே அனுப்புவம்" என்றார். எல்லோர் கண்ணும் கலங்கியிருந்தது. அதில் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

இராசம்மா கொஞ்சம் எடுத்துக் கிளாஸில் கரைத்தார். யன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். திரும்பியபோது அவருடைய கன்னம் நனைந்திருந்தது.

"மிஸ் போட்டதுதாங்க. ஆனா லேசா மஞ்சள் தட்டுது. அனுப்ப வேணாங்க."

தலைவர் கையிலிருந்ததைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு, கம்பனிக்கு அழைப்பு எடுக்க வெளியே போனார்.

உங்கள் மண்ணறையை இறைவன் விசாலமாக்கட்டும், மிஸ். மறுபடி கரைத்து இறக்க, நான் கொதிகலனை மூட்டப் போகிறேன்.