கை நனைத்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் தேநீர் குடிக்கலாம், பிஸ்கட் தின்னலாம், வாழைப்பழம் உரிக்கலாம். கை மட்டும் நனைக்கக் கூடாது. கையைக் கழுவிவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பாட்டில் கை வைப்பதைத்தான் கை நனைப்பது என்போம். இரண்டு பக்கமும் பேசி முடித்து, சரி என்ற வார்த்தை வந்த பிறகுதான் அது. முந்திக்கொண்டு நனைத்துவிட்டால் வாய் திறக்காமலே சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இந்த வழக்கத்தை ஒரு பார்பிகியூ கடையில் எப்படிக் காப்பாற்றுவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கடையைத் தேர்ந்தெடுத்தவர் பெண்ணின் அப்பா. மாத்தளைக் கடைத்தெருவில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். அவருடைய மகளும் நானும் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் இரண்டு வருஷம் ஒன்றாகப் படித்தோம். அவள் எனக்கு ‘டீச்சர்’, நான் அவளுக்கு ‘சேர்’. அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டோம். அவள் வீட்டில் விஷயத்தை எடுத்தபோது அவர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லையாம். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து அறையில் வளர்ந்தவன் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்து வராது. எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான்தான். இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார்.

கடைசியில் அவள் அப்பா பார்க்க மட்டும் சம்மதித்தார். ஆனால் அவர் வீட்டுக்கு நாங்கள் வரக்கூடாது. அக்கம்பக்கம் பார்க்கும், சரிவராவிட்டால் பிள்ளையின் பெயர்தான் கெடும் என்றாராம். அவரும் லயத்துக்கு வரமாட்டார். மாத்தளையின் கண்டி வீதியில் புதிதாகப் பேர் வாங்கியிருந்த அந்தக் கடையில் சந்திக்கலாம், கடை என்றால் யார் யாரோடு உட்கார்ந்தாலும் கேள்வியில்லை என்று அவர் கணக்குப் போட்டார்.

என் அப்பா நல்ல நாள் பார்த்து பௌர்ணமியைச் சொன்னார். பௌர்ணமி என்றால் பௌத்தர்களின் போயா விடுமுறை. நாடு முழுக்க இறைச்சிக் கடை பூட்டு. கோழி இல்லாத கோழிக்கடை வாசலில் இரண்டு குடும்பமும் நிற்பதை நினைத்துப் பார்த்துவிட்டு, தொலைபேசிக் கடைக்கு ஓடிப்போய் டீச்சரிடம் நாளை மாற்றச் சொன்னேன். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை அமைந்தது.

உள்நாட்டுப் போரில் சண்டை நிறுத்தம் நடப்பிலிருந்த காலம் அது. டவுனுக்குள் நுழையுமிடத்துக் காவலரணில் மணல்மூட்டைகள்தான் மிச்சம். ஆனாலும் அப்பா பழக்கத்தில் அடையாள அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தார். அம்மா அவருடைய கையைத் தட்டி, “அத உள்ள வைங்க. பொண்ணு பாக்கப் போறோம்” என்றாள்.

கடை வாசலில் நீளவாக்கில் பிளந்த இரும்புப் பீப்பாயில் கரி கனன்றது. கம்பியில் கோர்த்த கோழிகள் அதன்மேல் சுற்றிச் சுற்றிக் கொழுப்பைச் சொட்டின. ஒவ்வொரு சொட்டுக்கும் புகை ஒரு முழம் எழும்பியது. பஸ் நிலையம் வரைக்கும் அந்த வாசம் வரும். ஞாயிறு மத்தியானம் என்பதால் உள்ளே இடமே இல்லை. கண்டியிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். மேசை கிடைக்காதவர்கள் சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அடுத்தவன் வாயில் போவதை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பெண்வீட்டார் மூன்று பேரும் முன்னாலேயே வந்து ஒரு மேசையைப் பிடித்திருந்தார்கள். டீச்சர் நடுவில், அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கம். நாங்கள் எதிரே உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பா ஆறு தேநீர் சொன்னார். பரிமாறுகிறவர் நடுத்தர வயதுச் சிங்களக்காரர், தமிழும் பேசுவார். தேநீர் இல்லை மாத்தயா, ஐயா, இங்கே கோழி மட்டும்தான், ஆட்கள் நிற்கிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள் என்றார். பெண்ணின் அப்பா திகைத்துப் போனார். எழுந்து போவதா, சொல்வதா? கடைசியில் ஒரு முழுக் கோழியும் ரொட்டியும் சொன்னார்.

கோழி வந்தது. ஒரே பெரிய தட்டில், ஆறு பேருக்கும் நடுவில். தோல் மொறுமொறுவென்று வெடித்து, மிளகும் உப்பும் தெரிய. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கை கழுவுமிடம் மூடியிருந்ததால் ஆளுக்கொரு வெறுந்தட்டோடு, ஆளுக்கொரு கிண்ணத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், ஒரு துண்டு போட்டு மேசையிலேயே கொண்டுவந்து வைத்தார்கள்.

ஒருவரும் கை நீட்டவில்லை.

என் அப்பா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டார்.

“ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இது யாரு வீட்டுச் சாப்பாடுன்னு எடுத்துக்கிறது?”

இது கடைச் சாப்பாடு, யார் வீட்டுதும் இல்லை, சும்மா சாப்பிடலாம் என்றார் பெண்ணின் அப்பா. அப்பா விடவில்லை. சொன்னது நீங்கள், கோழித் தட்டு ஒன்று, இதில் கை நனைத்த பிறகு பெண் இல்லை என்று நீங்கள் சொன்னால் தோட்டத்துக்கு நாங்கள் எந்த முகத்தோடு போவது என்று கேட்டார். மிளகு வியாபாரி சொன்னதை வாபஸ் வாங்குகிறவரல்ல. வழக்கம் தெரியாதவருமல்ல. அவரும் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். ஆனால் அவருடைய மூக்கு அந்தக் கோழியை விட்டு நகரவில்லை. மனிதர் இறைச்சிப் பிரியர் என்று டீச்சர் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

கோழியிலிருந்து ஆவி குறைந்துகொண்டே வந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர், தின்னவும் மாட்டார்கள், எழும்பவும் மாட்டார்கள் என்று யாரிடமோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது. பரிமாறுகிறவர் வந்து ஏதாவது குறையா என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு கடை முதலாளியே வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். என் கோழியை இப்படி ஒருத்தரும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது கிடையாது என்றார் மனத்தாங்கலோடு. நான் எழுந்து அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“அப்ப சீக்கிரம் பேசி முடிங்க. நெருப்பு எனக்கு, பேச்சு உங்களுக்கு. ரெண்டும் ஆறக்கூடாது” என்று சொல்லிவிட்டுப் பீப்பாய்ப் பக்கம் போய்விட்டார்.

அதனால் பேச்சு ஆரம்பித்தது. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்துப் பேசினார்.

“தம்பி, உங்கள ஒரு குறை சொல்ல ஏலாது. படிச்சிருக்கீங்க, உத்தியோகம் இருக்கு. ஆனா என் பிள்ள லயத்துல வந்து பீலியில தண்ணி தூக்கணுமா? அதுக்கா நான் இவள டீச்சராக்கினேன்?”

பீலி என்பது லயத்து ஆட்கள் வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கும் குழாய். இந்தக் கேள்விக்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஆசிரியர் விடுதி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், உள்ளேயே குழாய் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் வரும்போது பத்துத் தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த வசனம். ஆனால் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பீலியில் தண்ணீர் தூக்கித்தான் என் ஒரே வெள்ளைச் சட்டையைத் தினமும் துவைத்துப் போட்டவள். லயத்தை விட்டு ஓடி வருகிறேன் என்று அவள் முன்னால் சொல்வது போல அந்த வசனம் எனக்குப் பட்டது.

“குவாட்டர்ஸ் கிடைக்கும் ஐயா. ஆனா அத வச்சு பொண்ணு கேக்கல. நான் லயத்துலதான் படிச்சேன். நாளைக்கும் அந்த வாசலுக்குப் போவேன், வருவேன். டீச்சரும் வரணும்.”

சொல்லி முடித்ததும் எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் முகம் இறுகியது. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கோழித் தோலின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது.

அப்போது டீச்சர் தன் முன்னாலிருந்த கிண்ணத்தை இழுத்தாள். அவசரப்படவில்லை. வளையலை மேலே தள்ளிவிட்டு, வலது கையை மணிக்கட்டு வரைக்கும் தண்ணீருக்குள் விட்டாள். தேசிக்காய்த் துண்டை எடுத்து விரல்களில் தேய்த்தாள். மற்ற ஐந்து பேரும் அந்தக் கையைத்தான் பார்த்தோம்.

“நான் கை நனைச்சிட்டேன்பா. மிச்சத்த நீங்க பேசிக்கங்க.”

ஈரக் கையாலேயே ஒரு தொடையைப் பிய்த்து என் அம்மாவின் தட்டில் வைத்தாள். அடுத்த தொடையை என் அப்பாவின் தட்டில் வைத்தாள். எனக்கு ஒன்றும் வைக்கவில்லை.

அவளுடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை மறைக்கிறார் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. மிளகு வியாபாரி மகளைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். வியாபாரி அல்லவா, கடைசியாக ஒரு பேரம் பேசிப் பார்த்தார்.

“கிண்ணத்துத் தண்ணியில நனைச்சதெல்லாம் சேத்தியில்ல.”

என் அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“தண்ணியில நனைக்காம வேற எதுலங்க நனைக்கிறது?”

பின்னால் நின்றவர்களுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அங்கேயும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். அவர் விரல்கள் தண்ணீரில் இறங்கியபோது எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளிய பிறகுதான் விளங்கியது.

“தம்பி, ஒங்களத்தான். கைய நனைங்க, சாப்பிடுங்க.”

நான் இரண்டு கையையும் கிண்ணத்தில் விட்டேன். தண்ணீர் வழிந்து மேசையெல்லாம் ஓடியது. அந்தக் கோழி ஆறிப்போயிருந்தது. ரொட்டி தோலாக இழுபட்டது. அதைவிட ருசியான ஒன்றை நான் அதற்குப் பிறகும் தின்றதில்லை. அப்பா எலும்பை உறிஞ்சும் சத்தம் அடுத்த மேசைக்குக் கேட்டது. நான் கூச்சப்படவில்லை. பெண்ணின் அப்பாவும் அதே சத்தத்தோடுதான் உறிஞ்சினார். முதல் வாயிலேயே மிளகை மென்று பார்த்துவிட்டு, இது பழைய சரக்கு, நாளையிலிருந்து என் கடையில் எடுக்கச் சொல்லுங்கள் என்று நானாவுக்குக் கேட்கும்படி சொன்னார். நானா பீப்பாய்ப் பக்கத்திலிருந்தே, சம்பந்தம் முடிந்த கையோடு வியாபாரமுமா என்றார்.

தட்டில் எலும்புதான் மிச்சம். நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள் எங்களுடைய ஒவ்வொரு அசைவையும் பார்த்து, இதோ எழும்பப் போகிறார்கள் என்று நெருங்கி வந்தார்கள். பெண்ணின் அப்பா என் அப்பாவின் பக்கம் சாய்ந்தார்.

“சம்பந்தி, இது ஆறிப்போனதுல ருசியே தெரியல. சூடா இன்னொன்னு சொல்லுவமா?”

“சொல்லுங்க சம்பந்தி. இந்தத் தடவ என் கணக்கு.”

இரண்டாவது கோழி வந்தபோது அதன் தோல் இன்னும் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. முதல் துண்டை டீச்சர் என் தட்டில் வைத்தாள். கடையில் நின்றவர்கள் இன்னும் வெகுநேரம் நின்றார்கள். சாதாரணமாக நான் இரக்கப்படுகிற ஆள்தான். அன்றைக்கு எனக்கு அவர்கள்மேல் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.