கயிறு போட்ட வீடு

இசபெல்லாவுக்கு எதையும் தானே செய்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். கோயிலுக்குப் புது மைக் வந்தபோது, பூசை முடிந்து ஆள் கலைந்ததும் அதில் ஒரு தரம் இருமிப் பார்த்தவள் அவள்.

கடற்கரையோரத்துப் பழைய குடியிருப்பை இடித்துவிட்டு மாடி வீடுகள் கட்டப்போவதாகச் சொல்லி, பொறியாளர் சிவசுப்பிரமணியன் கூட்டம் போட்டார். திரையில் வரைபடத்தைக் காட்டி, வெள்ளிக்கிழமைக்குள் கருத்துச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு மாற்ற முடியாது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். இசபெல்லா எழுந்தாள்.

"சார், இந்தக் கோட்டுக்குள்ள ஆளு எப்படிப் பொழங்கும்னு தெரியலியே?"

"அளவெல்லாம் போட்டிருக்கேம்மா."

"அளவு இருக்கு சார். எங்க வீட்டு ஆளும் அவுக வண்டியும் அதுல இல்லியே."

அந்த ஆள் அவள் கணவர் மனுவேல். சங்கு குளித்தவர். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்த ஒரு நாளில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. இப்போதைய வீட்டு வாசற்படியில் இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு தூக்கி இறக்கினால்தான் அவருக்குத் தெருவே. நடக்க முடியாதவர்களுக்குத் தரைத்தளம் என்று புதுத் திட்டத்தில் இருந்தது. அங்கேயிருந்து யாரையும் கூப்பிடாமல் அவர் தானாக வெளியே போய்வர முடியுமா? இசபெல்லாவுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

வரைபடத்தின் நகலை வாங்கிக்கொண்டு, கருவாடு காயப்போடும் சிமென்ட் தளத்துக்கு மனுவேலை அழைத்துப் போனாள். பழைய வலைக்கயிறால் வீட்டை முழு அளவில் போட்டுப் பார்ப்பது அவள் யோசனை. அந்தக் கரையில் கயிறு அளக்க யாரும் டேப் தேடுவதில்லை. இரண்டு கைகளையும் விரித்து நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்தால் ஒரு பாகம். ஒரு பாகத்துக்கு ஆறடி. மனுவேல் நாற்காலியில் இருந்தபடியே இழுத்து அளந்து போட, அவள் மூலைக்கு மூலை கல் வைத்தாள். சாயங்காலத்துக்குள் எதிரெதிராக இரண்டு வீடுகளும் நடுவில் ஒரு நடையும் வந்துவிட்டன.

எதிர்வீடு ஜெஸ்லினுக்கு. படுத்த படுக்கையாக இருக்கும் தாய்க்காக அவளுக்கும் தரைத்தளம். கயிற்றுச் சுவருக்குள் நின்று அவள் கத்தினாள்: "மைனி, செவத்துல ஒரசாம வாங்க. பெயிண்டு இன்னும் காயல!"

மனுவேல் தன் அறையிலிருந்து வந்தார், நடையில் திரும்பினார், வெளியே போனார். எங்கும் இடிக்கவில்லை. இசபெல்லா அப்போதே பொறியாளருக்குப் போன் போட்டு, கயிறு போட்டுப் பாத்துட்டோம், வீடு நல்லாயிருக்கு சார் என்று சொல்லிவிட்டாள்.

கயிற்று வீட்டைப் பார்க்கும் ஆசையில் வெள்ளிக்கிழமை காலையில் அவரே வந்தார். டேப்பை நீட்டிப் பார்த்தவர் நெற்றியைச் சொறிந்தார். "அம்மா, இது நாங்க கட்டுற வீடு இல்லியே. எல்லாப் பக்கமும் பெருசா இருக்கு."

"ஆறடிப் பாகந்தான் சார்," என்றார் மனுவேல்.

"கையை விரிங்க அண்ணாச்சி."

டேப் ஆறரை அடியைத் தாண்டிப் போய் நின்றது. கடலில் அவரவர் கயிறு அவரவர் பாகம். ஒருவர் கையை இன்னொருவர் அளந்து பார்த்ததில்லை.

"யண்ணே, ஊருக்கெல்லாம் கயிறு அளந்து குடுத்தியளே," என்றாள் ஜெஸ்லின். "வாங்குனவனுக்கெல்லாம் யோகந்தான்!"

டேப் அளவில் கயிற்றை மாற்றிப் போட்டபோது சிரிப்பு அடங்கியது. மனுவேல் வாசலைத் தாண்டினார். திரும்பும் இடத்தில் நாற்காலியின் கால்மிதி எதிர்க்கயிற்றில் இடித்தது. பின்னால் வந்து மறுபடி திருப்பினார். மறுபடி இடித்தது. பின்சக்கரத்தை யாராவது தூக்கி வைத்தால்தான் ஆகும்.

"நடைய அகலப்படுத்துங்க சார். எங்க வீட்டுப் பக்கம் எடுத்துக்கிடுங்க," என்றாள் இசபெல்லா.

"உங்க பக்கம் தூண் வருதும்மா. எடுத்தா எதிர்ப்பக்கம்தான். அது அவங்க அடுக்களை."

எல்லோரும் ஜெஸ்லினைப் பார்த்தார்கள்.

"என்னைய ஏன் பாக்குதிய? ஒங்க வண்டி திரும்ப எங்க அடுப்பு ஒதுங்கணுமாக்கும்?"

"வேண்டாம்னா வேண்டாம் ஜெஸ்லின்," என்றாள் இசபெல்லா. "ஆனா ஒருதரம் நின்னு பாத்துட்டுச் சொல்லு."

ஜெஸ்லின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கயிற்றை உள்ளே தள்ளினாள். இல்லாத அடுப்பில் சோறு வடித்தாள். இல்லாத அரிவாள்மணையில் உட்கார்ந்து மீன் அரிந்தாள். முழங்கால் கயிற்றில் முட்டியது. கயிற்றைக் கொஞ்சம் வெளியே நகர்த்தினாள். மறுபடி உட்கார்ந்தாள், முழங்கால் தப்பியது.

"இம்புட்டுத்தான். இதுக்குமேல ஒரு வெரக்கட கெடையாது."

மனுவேல் நாற்காலியைத் திருப்பினார். கால்மிதி கயிற்றை உரசியது, ஆனால் திரும்பிவிட்டது. பொறியாளர் குனிந்து, வரைபடத்தில் பழைய கோட்டை அடித்துவிட்டுப் புதுக் கோடு போட்டார்.

அதைப் பார்க்க மனுவேல் நிற்கவில்லை. கயிற்று வீட்டைத் தாண்டி, தளத்தின் ஓரம்வரை தானே தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பழக்கத்தில் அவர் பின்னால் போகக் கால் எடுத்த இசபெல்லா, அங்கேயே நின்றுகொண்டாள்.