ஒரே பெயர், ஒரே இனிஷியல்

பிள்ளைகளா, அப்பா பன்னிரண்டாவதோடு நின்றவன். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் டைம் ஆபீஸில் வருகைப்பதிவு பார்க்கிற வேலை. கம்ப்யூட்டரிலிருந்து வேண்டியதை எடுக்க ஒரு வரி எழுத வேண்டும். அதற்குக் குவெரி என்று பெயர். கூட இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதப் பழகினேன்.

ஒப்பந்த ஆட்களில் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டும் இன்னொரு வருடம் வேலை என்று சொல்லிப் பட்டியல் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் ஆட்கள் ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில், பயிற்சிகள் இன்னொன்றில். இரண்டையும் சேர்த்து எடுத்தேன். மூன்று பயிற்சி முடித்தவர் பெயர் மூன்று முறை வந்தது.

எச்.ஆர். அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இன்னாபா, ஒரே ஆளுக்கு மூணு வேல குடுக்கிறியா?" என்று சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கும் டோக்கன் நம்பரெல்லாம் வேண்டாம், பெயர், இனிஷியல், வேலை பார்க்கிற லைன் போதும் என்றும் சொன்னார். நம்பரை எடுத்துவிட்டு டிஸ்டிங்க்ட் என்ற சொல்லைப் போட்டேன். திரும்ப வருகிற வரிகளை அது விட்டுவிடும். பட்டியல் பளிச்சென்று வந்தது. போர்டில் ஒட்டினோம்.

மறுநாள் இரண்டு பெண்கள் வந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் ஒரே கடற்கரை ஊர், இங்கே தங்குவது மண்ணூரில் ஒரே அறை, வேலையும் ஒரே லைன். அவர்கள் ஊரில் பெண் பிள்ளை என்றால் மாதா பெயர், ஆண் பிள்ளை என்றால் கோவில் புனிதர் பெயராம். அப்படி இவர்களுக்குப் பெயரும் ஒன்று, அப்பா பெயரும் ஒன்று.

சின்னவள் கேட்டாள்: "அண்ணே, எங்க பேரு ஒருக்கத்தான் இருக்கு. அது அவளா, நானா?"

நாம் காட்டச் சொன்னதை மட்டும்தான் டிஸ்டிங்க்ட் பார்க்கும். மூன்றும் ஒன்றாயிருந்தால் அதற்கு இரண்டு பேரும் ஒரே ஆள்தான். நம்பர் இருந்திருந்தால் இருவரும் பட்டியலில் நின்றிருப்பார்கள்.

வேலை போனால் ஊரில் இறால் உரிக்கத்தான் போக வேண்டும், அது பிடிக்காமல்தான் வந்தேன் என்று சின்னவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அதிகாரியிடம் தப்பு என்னுடையது என்றேன். அவரும் மேலிடத்துக்கு மெயில் போட்டார். எண்ணிக்கைக்கு ஒப்புதல் ஆகிவிட்டது, கூட்ட முடியாது என்று மதியமே பதில் வந்தது.

"ஒரு பேருதான் கீது. யாரு சீனியரோ அவங்கள வச்சுக்கோ," என்றார் அதிகாரி.

பெரியவள் ஆறு நாள் முந்திச் சேர்ந்தவள். அவள்தான் அழுதாள்.

குவெரியைத் திருத்த இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நம்பரைச் சேர்த்ததும் இருவரும் தனித்தனி வரியில் வந்தார்கள். எதற்கென்றே தெரியாமல் சின்னவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தன் வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்ப சரியாத்தாண்ணே வருது," என்றாள்.

அடையாள அட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் காலை அவள் நம்பருக்கு நேராக, வேலையிலிருந்து ரிலீவ் என்று அடித்தது நான்தான்.