எங்கள் தெருக் குழாயின் வாட்டம்

அண்ணே, நீ போய் இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. எழுதத் தெரிந்த மட்டும் உன்னைப் பற்றி எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு என் அண்ணனைத் தெரியாது. போடியில் மேற்கே மலையைப் பார்த்த ஒரு தெரு. அந்தத் தெரு வீடுகளுக்கெல்லாம் பின்னால் பொதுவாக ஒரே குழி. கக்கூஸ் தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் அதில்தான் விழும். நிறைந்தால் வாளியில் அள்ளி ஊருக்கு வெளியே கொட்டுவது எங்கள் குடும்பத்துச் சோலி. அப்பாவுக்குப் பிறகு அம்மா அள்ளினார். மூன்றாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தி என்னையும் கூட்டிப்போனார். நாற்றம் பழகிவிடும் என்றார்கள். எனக்குப் பழகவே இல்லை.

அண்ணன் ஒரு கொத்தனாரிடம் கையாளாகப் போனான். அந்தக் கொத்தனாருக்குத்தான் எங்கள் தெருவில் மண்ணுக்கடியில் குழாய் பதிக்கும் வேலை வந்தது. குழாய் ஓடினால் குழியை மூடிவிடுவார்கள், நான் வாளி தூக்க வேண்டாம். அண்ணனுக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

வேலை முடிந்து தண்ணீர் விட்டார்கள். நடுத்தெருவில் இருந்த ஏலக்காய்க்கடைக்காரர் வீட்டு முற்றத்தில் அது எதிர்த்துப் பொங்கியது. வீட்டம்மா வாசலுக்கு வந்தார்.

"மலைல இருந்து தண்ணி எறங்குற ஊரு இது. இவுக போட்ட குழால மட்டும் தண்ணி ஏறுது. நாளைக்கு அந்தப் புள்ளைய வாளியோட வரச் சொல்லுங்க."

அந்தப் பிள்ளை நான்தான்.

அண்ணன் கொத்தனாரிடம் மெதுவாகச் சொன்னான். "அண்ணே, வாட்டம் சரியில்லண்ணே."

தண்ணீர் ஓடுவதற்காகக் குழாயைச் சரித்து வைப்பதைத்தான் வாட்டம் என்பார்கள்.

"ஏன்டா, குழி அள்ற வீட்டுல பொறந்துட்டு எனக்கு வாட்டம் சொல்றியா?"

"குழி அள்றவனுக்குத்தாண்ணே தெரியும், தண்ணி எங்க நிக்கும்னு."

வீட்டுக்கு வந்தவன் சோற்றைத் தொடவில்லை. "ஏன்டா, மொகம் வாட்டமா இருக்க?" என்றார் அம்மா.

"மொகத்துல இருக்கும்மா. குழாய்லதான் இல்ல."

மறுநாள் காலையில் நான் வாளியோடு போனேன். ஏலக்காய்க்கடை வாசலில் கிடந்த தோலை அண்ணன் ஒரு கைப்பிடி அள்ளி வந்தான். குழாயைத் திறந்து பார்ப்பதற்குத் தெருவில் இரண்டு தொட்டிகள் கட்டியிருந்தார்கள். மேல்தொட்டியில் தோலைப் போட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான். கீழ்த்தொட்டியில் நான் குனிந்து பார்த்தேன். ஒரு தோல்கூட வரவில்லை. உள்ளே போனதெல்லாம் கொஞ்ச நேரத்தில் அவன் பக்கமே மிதந்து திரும்பியது. வீட்டம்மாவும் பார்த்தார், கொத்தனாரும் பார்த்தார்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "அடியில பாறைடா. ஒடைக்கச் சோம்பப்பட்டு மேலயே ஏத்திட்டேன்."

"வெரசா ஒடைச்சுருவோம்ணே."

"மூணு நாள் பொறுக்கேன்," என்றார் வீட்டம்மா. "அதுக்கு மேல குழிதான்."

மூன்று நாளும் இருவரும் உளியும் சம்மட்டியுமாகப் பள்ளத்துக்குள் கிடந்தார்கள். அண்ணனின் உள்ளங்கை பிய்ந்து ரத்தம் வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தான். மூன்றாம் நாள் பொழுது சாய்கிற நேரம் குழாயை இறக்கி வைத்து, மறுபடி தோலைப் போட்டான். என் தொட்டிக்கு ஒன்று வந்தது. பிறகு நாலைந்து. பிறகு எல்லாம் வந்தன.

"வந்துருச்சுண்ணே," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அழுதது போதும், தோல அள்ளு. குழா அடைச்சுறாம," என்றான்.

உடைத்த கல்லையும் மண்ணையும் போட்டே அந்தக் குழியை மூடினார்கள். மறுவாரம் அதே வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு, "கடைக்கு ஏலக்காய் பொறுக்க வர்றியாத்தா?" என்று கேட்டார். எங்கள் ஆட்கள் யாரும் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. இன்றுவரை அங்கேதான் வேலை பார்க்கிறேன். அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

இந்த மழைக்காலத்தில், போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கூலியாட்கள் இருக்கும் வீடுகளுக்கு இதேபோல் குழாய் பதிக்க அண்ணன் போனான். போன இடத்தில் காய்ச்சல். ஜீப்பில் கீழே கொண்டுவந்தார்கள். நாலாம் நாள் போய்விட்டான். பாடையைத் தூக்க எங்கள் ஆட்கள் குனிந்தபோது, கொத்தனார் முன்னால் வந்து தோள் கொடுத்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவருக்கும் நன்றி.

கோயிலில் கும்பிடுகிறவர்கள், பள்ளிவாசலில் தொழுகிறவர்கள், எல்லோரையும் கேட்கிறேன். என் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தவன் அவன். அவனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.