பெயர்த்தகடு இல்லாத பெக்கோ

என் அண்ணை பத்தொன்பது வருடமாக லண்டன் கட்டட வேலைத்தளங்களில் மண் தோண்டும் இயந்திரமான பெக்கோ ஓட்டுகிறார். லீவு நாளிலும் மண் தோண்டக் கூப்பிட்டால் போவார். குடும்பத்தோடு எங்கேயாவது வரச் சொன்னால்தான் முதுகு நோகும். பழைய பிரித்தானிய பெக்கோக்களின் கண்காட்சி ஒன்று தெற்கு லண்டனில் சட்டனுக்கு அப்பால் நடக்கிறது என்று அறிந்ததும், போன ஓகஸ்ட் ஞாயிறு ஒன்றில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

செவன் கிங்ஸிலிருந்து காலை 9.10க்கு நான் இருக்கும் கோலியர்ஸ் வுட்டுக்கு அண்ணை வந்து சேர்ந்தார். அங்கிருந்து சட்டனுக்குப் பேருந்து, 1.75 பவுண்ட், ஐம்பது நிமிடம். பிறகு இரண்டு கிலோமீற்றர் நடை. நுழைவுக் கட்டணம் 10 பவுண்ட். வயல் முழுக்க டீசல் மணம். அண்ணையின் முதுகு நோவு வாசலோடு போய்விட்டது.

கடைசி வரிசையில் ஒரு மஞ்சள் பெக்கோ தனியாக நின்றது. இரும்பு வடத்தால் வாளியை இழுக்கும் பழைய வகை. சொந்தக்காரி ஜோன், ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி. ஆறு வருடமாகத் தன் கையாலேயே திருத்தியிருக்கிறார். ஆனால் பெயர்த்தகடு இல்லை. பிரித்தானியாவில் எந்தக் கம்பனி செய்தது என்று இரண்டு மணிக்குள் நடுவரிடம் நிரூபிக்காவிட்டால், பின்னேரம் நடக்கும் பெக்கோ ஊர்வலத்தில் விடமாட்டார்களாம். சொல்லும்போதே அவர் முகம் வாடிப்போனது.

நான் சும்மா இருந்திருக்கலாம். மஞ்சள் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே கம்பனிதான். அந்தப் பெயரைப் பெரிய மேதாவி போலச் சொன்னேன். அவர்கள் வடம் இழுக்கும் இயந்திரமே செய்ததில்லை என்று ஜோன் மெதுவாகச் சொன்னார். அசடு வழிய நின்றேன்.

"நிறத்தை ஆரும் மாத்தலாம், தங்கச்சி. கிறீஸ் ஊறின இடத்தில பெயின்ற் ஒட்டாது. அங்க பாப்பம்," என்றார் அண்ணை.

தினமும் வேலை தொடங்குமுன் கிறீஸ் அடிக்கிறவர் அல்லவா. ஜோனிடம் கேட்டுக்கொண்டு, வாளியைத் தாங்கும் நீண்ட கை உடலோடு சேரும் இடத்தில் இறுகிக் கிடந்த கிறீஸை மரத்துண்டால் சுரண்டினார். அடியில் மஞ்சளே இல்லை. இன்னும் சுரண்ட, இரும்பை வார்க்கும்போதே பதிந்த எழுத்துகளும் இலக்கமும் வந்தன. நடுவர் தன் புத்தகத்தில் தேடி, இங்கிலாந்தின் லிங்கன் நகரக் கம்பனி ஒன்று செய்தது என்று எழுதிக்கொண்டார். அப்போது மணி 1.40.

போக நினைப்பவர்களுக்கு: பழைய சப்பாத்து போடுங்கள், சேறு. சிப்ஸ் 8 பவுண்ட், சோறு கட்டிக்கொண்டு போவது புத்தி. சொந்தக்காரரைக் கேட்காமல் எதையும் தொடவேண்டாம். நிறத்தை நம்பவே வேண்டாம்.

ஊர்வலத்தில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் முன்னால் ஒருவர் கைகாட்டி நடக்கவேண்டும் என்பது விதி. ஜோன் அந்த வேலையை அண்ணையிடம் கொடுத்தார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களிடம் அடையாளம் கேட்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. அன்று, இங்கேயே பிறந்த ஒன்றுக்கு அடையாளம் கொடுத்தவர் என் அண்ணை. அவர் கை காட்டிய பக்கம் அது திரும்பியது. நான் கத்திக் கைதட்டினேன்.