செல்வி அக்காவின் பதினைந்து நிமிடம்

அறிவிப்பாளர் வேலையில் சாப்பாடு வருவதற்கு முன்பே தொண்டை கட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் மைக்கைப் பிடித்து, காணாமல் போன குழந்தையின் சட்டை நிறத்தைக் கத்திக்கொண்டிருந்த சகோதரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். பிளஸ் டூ முடித்த கையோடு, கவரைப்பேட்டையைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில் இரண்டு நாள் நடந்த கூடார இசை, கலை விழாவுக்கு நான் அறிவிப்பாளன். யார் பேசினாலும் அந்தக் குரலை அப்படியே எடுப்பேன் என்பதுதான் தகுதி.

அங்கே நான் செய்த ஒரே நல்ல காரியம், எங்கள் தெரு செல்வி அக்காவின் பெயரைப் பட்டியலில் ஏற்றியது. கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபேக்டரியில் வேலை. ஆறு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் பாடுகிறாள், மைக்கைத் தொட்டதில்லை. ஞாயிறு மாலை ஐந்தரைக்கு அவளுக்குப் பதினைந்து நிமிடம். ஆறேகாலுக்கு ஷிஃப்ட் பஸ் மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். லீவு கேட்டாள், கிடைக்கவில்லை.

ஏரிக்குள் ஊடு

சனிக்கிழமை காலையிலிருந்தே தூறல். சென்னையிலிருந்து வந்தவர்கள் ஏரியில் தண்ணீர் வற்றிய இடமாகப் பார்த்து, வழவழவென்று இருக்கிறதே என்று அங்கேயே கூடாரம் அடித்திருந்தார்கள். பத்து மணிக்குள் எல்லார் படுக்கையும் கஞ்சியில் போட்ட துணி. விழா நடத்திய ரமேஷ் சார் குடையோடு கூடாரம் கூடாரமாகப் போய் மன்னிப்புக் கேட்டார்.

அந்த வழியாக எருமை ஓட்டிக்கொண்டு போன பக்கத்து வயல்காரர் ஒருவர், தலையணையைப் பிழிந்துகொண்டிருந்தவரிடம் நின்று, பொறுமையாகச் சொன்னார்: "ஏரிக்குள்ள ஊடு கட்டினா தண்ணி விசாரிக்க வராம இன்னா பண்ணும், நைனா?"

ஜெனரேட்டருக்குப் போர்வை

விழா வேலை பார்த்த எங்களுக்கு ஆளுக்கொரு வாக்கி டாக்கி. அதில் முகம் தெரியாது, குரல்தான் முதலாளி. என்னை மாதிரி ஆளுக்கு இதைவிடத் திருவிழா வேண்டுமா? ரமேஷ் சார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'ஓகே, ஓகே' என்று மூக்கால் முனகுவார். அதே முனகலோடு, ஜெனரேட்டர் பார்க்கும் கோபால் அண்ணனை வாக்கியில் கூப்பிட்டு, மேடையில் வாசிக்கும் வீணைக்காரம்மாவுக்குச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது, மேலே கனமாக ஏதாவது போர்த்துங்கள் என்றேன்.

அண்ணன் தன் சொந்தப் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினார். கால் மணியில் புகை. நிஜ ரமேஷ் சார் ஓடிவந்து, அத்தனை பேர் எதிரிலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் மேடைக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை அண்ணன் பார்த்துவிட்டார். கருகிய போர்வையை மடித்துக்கொண்டே சொன்னார்: "இனிமே இதுல எவன் பேசினாலும் நீதான்னு வெச்சிக்கினேன். சாரு எதிர்ல வந்து சொன்னாத்தான் கை வைப்பேன்."

ஐந்தரை மணி

ஞாயிறு நாலே முக்காலுக்கே செல்வி அக்கா வந்துவிட்டாள். யூனிஃபார்ம் மேல் துப்பட்டா. கூட வேலை செய்கிற நான்கு பேர் டிபன் பையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஐந்துக்கு மழை பிடித்தது. கோபால் அண்ணன் ஜெனரேட்டரை நிறுத்தினார். சேற்றில் சிக்கிய கார்களைத் தள்ளிவிட ரமேஷ் சார் மெயின் ரோட்டுப் பக்கம் போயிருந்தார்.

ஐந்து நாற்பதுக்கு மழை விட்டது. வாக்கியில் ரமேஷ் சார் குரல்: ஓகே, ஓகே, கோபால், ஜெனரேட்டரைப் போடுங்க, செல்வி மேடம் ஏறட்டும். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. என் வாக்கி இடுப்பில் இருந்தது. அதைப் பார்த்தும் அவர் நம்பவில்லை. ஈர ஒயரில் யாராவது கை வைத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்றார். அதுவும் நியாயம்தான். ரமேஷ் சாருக்குப் போன் அடித்தோம், அணைந்திருந்தது. சத்தியம் செய்தேன், காலைத் தொட்டேன், என் சொந்தக் குரலில் கெஞ்சினேன். அண்ணன் என் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டார்: "இது யார் குரல்டா?"

சேறு

ரமேஷ் சாரைக் கூட்டிவர ஓடினேன். இரண்டு தடவை விழுந்தேன். அவரை இழுத்துக்கொண்டு திரும்பும்போதே மேடையில் விளக்கு எரியும் என்று ஒரு நப்பாசை. எரியவில்லை. முன்வரிசை எழுந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் ஹாரன் மூன்று முறை கேட்டது.

சும்மா பாடு அக்கா, ரெண்டு வரி பாடிட்டுப் போ என்று அந்த நான்கு பேரும் சொல்லிப் பார்த்தார்களாம். அவள் துப்பட்டாவை மடித்துப் பையில் வைத்துவிட்டு, என்னைத் தாண்டிப் போகும்போது கோபமே இல்லாமல் சொன்னாள்: "மைக்கு இல்லாம ஆறு வருசமாப் பாடிக்கினுதான்டா இருக்கேன்."

அவள் இடம்

ஆறு இருபதுக்கு ஜெனரேட்டர் ஓடியது. கூட்டம் கலைந்துவிடும், காலியான பதினைந்து நிமிடத்தை நீயே நிரப்பு என்று ரமேஷ் சார் என்னை மேடையில் தள்ளினார். ரயில்வே அறிவிப்பு, எங்கள் கெமிஸ்ட்ரி சார், காட்டுப்பள்ளி லாரி டிரைவர், எருமை என்று வரிசையாக எடுத்தேன். அந்த இரண்டு நாளில் அவ்வளவு கைதட்டு யாருக்கும் விழவில்லை. கீழே இறங்கியதும் கோபால் அண்ணன் டீ கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் பண்ண. அந்தப் பொண்ணும் பாடியிருந்தா கேட்டிருக்கலாம்."

இரண்டு நாளில் பதினேழு குரலில் பேசிய நான், மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரே ஆளைப் பார்த்தால் இன்றுவரை சந்து மாறிப் போகிறேன்.