விழுந்தால் விழட்டும்

அப்பாவின் பாத்திரக் கடையில் வளர்ந்தவள் அவள். அடுக்கிலிருந்து எது சரிந்தாலும் தரையைத் தொடுமுன் லபக்கென்று பிடித்துவிடுவாள். வீட்டில் அவளுக்கு லபக்கு என்றே பெயர். அந்தக் கைதான் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் அவள் மானத்தை வாங்கியது.

மருத்துவம் படிக்கிறவள், விடுமுறையில் டாக்டர்களின் பின்னாலேயே நடந்து வேலையைக் கவனிக்க வந்திருந்தாள். பார்க்கலாம், தொடக்கூடாது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போன முதல் நாளே, கருவி மேஜையின் விளிம்பிலிருந்து ஒரு கத்தரி நழுவியது. கை தானாக நீண்டது. கத்தரி பிடிபட்டது, ஆனால் உறையில்லாத அந்தக் கை, கிருமி நீக்கிய மேஜைக்கு மேலே போய்விட்டது. விழ விட்டிருந்தால் நஷ்டம் ஒரு கத்தரி. இப்போது மொத்த மேஜையும் பாழ். நர்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக அடுக்கும்வரை, மயக்கத்தில் கிடந்த நோயாளி காத்திருக்க வேண்டியதாயிற்று.

சர்ஜன் அம்மா கத்தவில்லை. கையை அடக்கத் தெரிந்தபின் வா, இன்னொரு முறை நடந்தால் ஊருக்குக் கிளம்பலாம் என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. சர்ஜனாகத்தான் ஆவேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றவள் எந்த முகத்தோடு திரும்புவாள்?

தங்கியிருந்த சித்தி வீட்டில் அன்றே பயிற்சி ஆரம்பம். மேஜை ஓரத்தில் கரண்டிகளை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிவிடுவாள். கை பாய்ந்துகொண்டே இருந்தது. எரிச்சலில் அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள். மெல்ல மெல்லக் கரண்டிகள் தரையில் விழத் தொடங்கின. அந்தச் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்ல வந்ததும் சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் கண்ணாடி டம்ளர மட்டும் விட்டுடுடி."

கடைசியில் அதையும் தட்டிவிட்டாள். டம்ளர் சுக்குநூறாயிற்று, கை அசையவில்லை. சித்தி மிச்ச டம்ளர்களை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மீண்டும் தியேட்டர். நோயாளி ஒரு பெரியவர். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் விழித்தே இருந்தார். அவர் தலைமாட்டில் லபக்கு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாதியில் ஒரு இடுக்கி விழுந்தது. பார்த்தாள், அவ்வளவுதான்.

சற்று நேரத்தில் ஆபரேஷன் இடத்தை மறைத்துக் கட்டிய துணிக்கு இந்தப் பக்கம் பெரியவரின் கை எழுந்து காற்றில் துழாவியது. பயந்திருக்கிறார். ஆனாலும் கட்டிய கை கட்டியபடியே இருந்தது.

"டாக்டர், அவர் கையப் பிடிச்சுக்கட்டுமா?"

சர்ஜன் அம்மா நிமிரவில்லை. "துணியத் தாண்டாம பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டாள். தையல் முடியும்வரை பெரியவரும் விடவில்லை, அவளும் விடவில்லை.

வெளியே போகும்போது சர்ஜன் அம்மா அவளருகே நின்றார்.

"நாளைக்கும் வா. அந்தக் கைய வீட்ல வச்சிட்டு வந்துடாத."